சபையேறிய பேய்: பழையனூர் நீலியும் ‘ஜகன்மோகினி’யும்

முன்னுரை

பொய்யாக வடிக்கும் கண்ணீரை ‘நீலிக்கண்ணீர்’ என்று சொல்வது தமிழ் வழக்கு. இத்தொடர் எந்தக் கதையிலிருந்து பிறந்ததோ, அந்தக் கதையின்படி நீலி முற்பிறவியில் கொலையுண்டவள். அவளைக் கொன்றவன் அவள் கணவன். ஆயினும் இத்தொடரை ஆள்வோர் எவரும் அக்கொலையை நினைப்பதில்லை. கொலை மறைந்துவிட்டது, கண்ணீரின் பொய் மட்டுமே மொழியில் தங்கியிருக்கிறது. ஒரு பண்பாடு தன் பேய்க்கதைகளில் எதை நினைவில் வைத்து எதை விட்டுவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா. பி. விட்டலாச்சார்யா தயாரித்து இயக்கிய ‘ஜகன்மோகினி’ (1978) இவ்வினாவுக்குரிய சான்றாக இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. தெலுங்கில் எடுக்கப்பட்டுத் தமிழில் மொழிமாற்றம் பெற்ற அப்படம் தமிழகத்துத் திரையரங்குகளில் பெருவரவேற்புப் பெற்றது. திறனாய்வாளர் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை.

இவ்வினா ஆய்வு நூலகத்தில் எழுந்ததன்று. 1980களின் இறுதியில், மொன்றியலின் தென்மேற்கே லாசாலில் ஓர் அடுக்குமாடி வீட்டில், மளிகைக் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்துவந்த காணொளி நாடாவில் இப்படத்தை ஈழத்திலிருந்து வந்திருந்த சில குடும்பங்களோடு காணும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. மோகினி அடுப்பில் தன் கால்களை விறகாக வைத்து எரிக்கும் காட்சியில் சிறுவர் அலறினர்; பெரியவர் சிரித்தனர். தம் அகதி விசாரணைக்காகக் காத்திருந்த ஒரு தாய் மட்டும், “அவளுக்கு என்ன நடந்ததெண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே” என்றார். அன்று அக்கூற்றை ஓர் எளிய இரக்கமாகவே கொள்ள முடிந்தது. அது ஒரு திறனாய்வுக் கூற்று என்பது பின்னரே புலப்பட்டது.

1. நீலியின் மூன்று மன்றங்கள்

தமிழ் இலக்கியத்தில் நீலி என்னும் பெயர் மூன்று முதன்மையான இடங்களில் வருகிறது. மூவரும் ஒருத்தியே எனக் கொள்வதற்குச் சான்றில்லை. ஆயினும் மூவர்க்கும் பொதுவான செயல் ஒன்று உண்டு. மூவருமே பிறர் கேட்கும்படி வழக்குரைக்கின்றனர்.

முதலாமவள் சிலப்பதிகாரத்தின் கட்டுரைகாதையில் வருபவள். கோவலன் முற்பிறவியில் பரதன் என்னும் பெயரோடு கலிங்க நாட்டில் அரச ஊழியம் செய்தான்; சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். இதனை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கிறது. சங்கமனின் மனைவி நீலி தெருக்கள்தோறும் அலைந்து முறையிட்டாள். கேட்பார் இலர். 14 நாள் கழிந்தபின் மலையேறி, சாபமிட்டு உயிர்நீத்தாள். அச்சாபமே கோவலனைக் கொன்ற ஊழ்வினை என்று காப்பியம் காரணம் காட்டுகிறது. மதுரையில் கண்ணகி அரசவை ஏறி வழக்குரைப்பதற்கு முன்பே, கேளாத ஊரில் வழக்குரைத்துத் தோற்ற ஒருத்தி இருந்தாள் என்பது காப்பியத்தின் கட்டுக்கோப்பிலேயே அமைந்த செய்தியாகும்.

இரண்டாமவள் பழையனூர் நீலி. திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் அக்கதையைச் சுட்டுவதால், ஏழாம் நூற்றாண்டிலேயே அது மக்களிடையே வழங்கியது எனலாம். வடிவத்துக்கு வடிவம் வேறுபடினும் கதையின் எலும்புக்கூடு ஒன்றே. மனைவியைக் கொன்ற ஒருவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறக்கிறான். கொலையுண்டவள் பேயாகி அவனைத் தொடர்கிறாள். காப்பாகக் கையில் ஒரு கத்தியுடன் அவன் பழையனூர் வந்து சேர்கிறான். கரிக்கட்டை ஒன்றை, தென்னாட்டு வடிவங்களில் கள்ளிக்கொம்பை, குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திய நீலி, ஊர்ச்சபையின் முன் வந்து அழுகிறாள். இவன் என் கணவன். என்னையும் பிள்ளையையும் கைவிட்டு ஓடுகிறான். அவன் கையிலுள்ள கத்தி என்னைக் கொல்வதற்கே என்கிறாள். குழந்தையும் அவனை நோக்கிக் கைநீட்டுகிறது. வேளாளர் எழுபதின்மர் அவனிடமிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு, அவன் உயிருக்குத் தம் உயிரைப் பிணையாக வைத்து இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைக்கின்றனர். விடிகையில் அவன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல் தவறாது எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர்.

மூன்றாமவள் ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியின் தலைவி. சமணமுனிவர் முனிச்சந்திரரை மயக்க வந்த பழையனூர் நீலி, தோற்று, அவர்க்கு மாணாக்கியாகிறாள். பின்னர்க் குண்டலகேசி முதலான பௌத்தரோடும் ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி ஆகியோரோடும் வாதிட்டு வெல்கிறாள். பேயொருத்தி அளவையியல் வல்லுநராவதை ஒரு காப்பியத்தின் பொருளாக்கிய துணிவு வியக்கத்தக்கது. ஆயினும் நீலியின் பெயரோடு இணைந்த மரபை நோக்கின் அது இயல்பானதே. அவள் முன்னமே சபையில் பேசத் தெரிந்தவள்.

ஆக, தமிழ் மரபில் நீலியின் இடம் சுடுகாடு மட்டுமன்று. சபையும் அவள் இடமே. அவளது ஆற்றல் கோரைப்பல்லில் இல்லை, சொல்லில் இருக்கிறது.

2. பொய் வழக்கும் மெய் வழக்கும்

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். பழையனூர்ச் சபையில் நீலி சொன்னது பொய்தானே? அவ்வணிகன் இப்பிறவியில் அவள் கணவன் அல்லன், குழந்தையும் குழந்தையன்று. எனவே நீலிக்கண்ணீர் என்பது பொருத்தமான தொடரே என்பது அம்மறுப்பு.

இதனை ஏற்க இயலாது. சபையிடம் நீலி வைத்த முறையீட்டில் மூன்று கூற்றுகள் உள்ளன. இவன் என் கணவன் என்பது ஒன்று; என்னைக் கைவிட்டான் என்பது ஒன்று; என்னைக் கொல்லும் இயல்பினன் என்பது ஒன்று. முற்பிறவியையும் கணக்கில் கொண்டால் மூன்றும் மெய். ஆனால் முற்பிறவிக் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் எந்த ஊர்ச்சபைக்கும் இல்லை. இறந்தவளின் முறையீட்டைப் பதிந்துகொள்ளும் ஏடும் அங்கில்லை. சபை அறிந்த வழக்கு ஒன்றுதான்: கைக்குழந்தையோடு கைவிடப்பட்ட மனைவியின் வழக்கு. தன் மெய்யான வழக்கை அந்த வடிவத்துக்குள் நீலி பெயர்த்து எழுதுகிறாள். கரிக்கட்டை குழந்தையாவது அந்தப் பெயர்ப்பின் குறியீடு. அவள் அழுத கண்ணீர் மெய்; அது பாய்ந்த வாய்க்கால் மட்டுமே பொய்.

நினைவுச் சின்னம் யாருக்கு எழுந்தது என்பதும் நோக்கத்தக்கது. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் தீப்பாய்ந்த மண்டபம் வேளாளரின் வாய்மைக்குச் சான்றாக நிற்கிறது. தவறாகத் தீர்ப்பளித்தும் சொல் தவறாத நடுவருக்கு மண்டபம். கொலையுண்டவளுக்கு ஒரு வசைத்தொடர். தென்குமரிப் பகுதியின் வில்லுப்பாட்டு மரபு மட்டும் அவளை வேறுவிதமாக நடத்துகிறது. அங்கு நீலி இசக்கியம்மனாகிக் கையில் குழந்தையோடு கோயில் கொள்கிறாள். சபையைக் கடக்க அவள் கொண்ட அதே குழந்தை, அங்குத் தெய்வத்தின் கைப்பிள்ளையாகிவிடுகிறது.

3. மேலைமரபின் சூனியக்காரி

இறந்து மீண்டெழும் சூனியக்காரியைக் குறைந்த செலவுத் திகில் திரைப்படத்தின் நிலைபெற்ற பாத்திரமாக்கிய படங்களுள் முதன்மையானது, இத்தாலிய இயக்குநர் மாரியோ பாவாவின் ‘கறுப்பு ஞாயிறு’ (1960). கோகோலின் ‘வீய்’ கதையை மிகத் தளர்வாகத் தழுவிய அப்படத்தில், ஆசா என்பவள் சூனியக்காரி எனத் தன் உடன்பிறந்தானாலேயே தீர்ப்பளிக்கப்பட்டு, உட்புறம் முள் பொருத்திய முகமூடி அறையப்பட்டுக் கொல்லப்படுகிறாள். இரு நூற்றாண்டு கழித்து ஒரு துளிக் குருதி அவளை எழுப்புகிறது. தன் குலத்தில் பிறந்த காத்யாவின் உடலைக் கவர்ந்து வாழ அவள் முயல்கிறாள். இருவராகவும் பார்பரா ஸ்டீலே நடித்தார். இந்தியாவில் இவ்வகைக்கு நெருங்கியது ராம்சே உடன்பிறப்பினரின் இந்திப்படம் ‘வீரானா’ (1988). கொல்லப்பட்ட நகிதா என்னும் சூனியக்காரி, நிலக்கிழார் குடும்பத்துப் பெண்ணொருத்தியின் உடலில் மீட்கப்படுகிறாள்.

இவ்விரண்டிலும் தீமை சாவுக்கு முந்தியது. அவள் சூனியக்காரியாக இருந்ததால் கொல்லப்பட்டாள். தமிழ் மரபில் வரிசை தலைகீழானது. அவள் கொல்லப்பட்டதால் பேயானாள். முன்னதில் தீர்ப்பு முதலில் வருகிறது; அதைக் குலைக்கவே அவள் எழுகிறாள். பின்னதில் தீர்ப்பே வழங்கப்படவில்லை. அதைக் கேட்கவே அவள் எழுகிறாள்.

ஆயினும் கீழை, மேலை என்று இதை இரு பெட்டிகளாகப் பிரித்துவிட முடியாது. லாசாலைத் தழுவிச் செல்லும் செயிண்ட் லாரன்ஸ் ஆறு, கீழே கியூபெக் நகரை அடையுமிடத்தில் ஒரு கதையைச் சுமக்கிறது. மரி-ஜோசப்த் கொரிவோ என்னும் பெண், கணவனைக் கொன்ற குற்றத்துக்காக 1763இல் பிரித்தானியப் படைமன்றத்தால் தூக்கிலிடப்பட்டாள். முதல் விசாரணையில் அவள் தந்தையே கொலையாளி எனத் தீர்ப்பாயிற்று. அவர் உண்மையை வெளியிட்டபின் நடந்த இரண்டாம் விசாரணையில் அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள்; கணவன் தன்னைக் கொடுமைப்படுத்தியதையும் சொன்னாள். அவள் உடல் இரும்புக்கூட்டில் அடைத்து லெவிக் கரையில் தொங்கவிடப்பட்டது. அதன்பின் வாய்மொழிக் கதைகளில் அவள் கொன்ற கணவர்களின் எண்ணிக்கை பெருகியது, அவள் சூனியக்காரியானாள். பிலிப் ஓபேர் த காஸ்பே 1863இல் வெளியிட்ட புதினத்தில், கூட்டிலிருக்கும் பிணம் வழிப்போக்கனைப் பற்றிக்கொண்டு, தன்னை ஆற்றுக்கு அப்பால் சூனியக்காரிகளின் கூத்துக்குச் சுமந்து செல்லுமாறு கேட்கிறது. அவள் மன்றத்தில் சொன்ன ஒரேயொரு முறையீடு, அதாவது தான் பட்ட கொடுமை, கதையிலிருந்து உதிர்ந்துவிட்டது. நீலி கொலையுண்டவள், கொரிவோ கொன்றவள். அவ்வேறுபாடு பெரிது. எனினும் இருவரையும் பேயாக்கிய மறதி ஒன்றே.

4. அடுப்படிக்கு வந்த வழக்கு

உடுப்பியில் 1920இல் பிறந்த விட்டலாச்சார்யா, கன்னடத்தில் தொடங்கித் தெலுங்கில் நிலைபெற்று, மாயாசாலப் படங்களுக்குப் பெயர்போனவரானார். சிக்கனமும் விரைவும் அவர் தொழிலின் அடையாளங்கள். நாள் தராத நடிகரைக் கதையில் கிளியாகவோ வேறு விலங்காகவோ மாற்றிவிட்டுப் படப்பிடிப்பைத் தொடர்வார் என்று திரையுலகில் ஒரு கதை வழங்குகிறது. மெய்யோ பொய்யோ, அவரது அழகியலை அக்கதை நன்கு விளக்குகிறது. உருமாற்றம் அவருக்குக் கற்பனை மட்டுமன்று, கணக்குப் புத்தகமும்தான்.

‘ஜகன்மோகினி’யில் ஜெயமாலினி ஏற்ற மோகினி, முற்பிறவியில் வஞ்சிக்கப்பட்டு இறந்தவள், தன்னை வஞ்சித்தவன் மறுபிறவி எடுத்து வரும்வரை காத்திருந்து அவனைக் கவர்கிறாள். நாயகனாக நரசிம்மராஜுவும், அம்மன் பக்தையான அவன் மனைவியாகப் பிரபாவும் நடித்தனர். கதையின் முதற்பகுதி அப்படியே பழையனூர்க் கதை: வஞ்சனை, சாவு, மறுபிறவி, தொடர்தல். ஆனால் பழையனூர்க் கதையின் நடுத்தூண் இங்கில்லை. சபை இல்லை. எழுபதின்மர் இல்லை. மோகினி எவரிடமும் முறையிடுவதில்லை. அவளைக் கேட்பவரும் இல்லை. ஊர்மன்றத்தில் நடந்த வழக்கு, வீட்டினுள்ளே இரு பெண்களுக்கிடையிலான போட்டியாகச் சுருங்கிவிடுகிறது. ஒருபுறம் கற்பும் பக்தியும் உடைய மனைவி, மறுபுறம் காமமும் மாயமும் உடைய பேய். இறுதியில் தெய்வம் மனைவியின் பக்கம் நிற்கிறது. குற்றம் செய்தவன் இருவருக்கும் நடுவே, தீர்ப்புக்கு அப்பாற்பட்டவனாய், மீட்கப்பட வேண்டிய பொருளாகிவிடுகிறான்.

அடுப்புக்காட்சி புகழ்பெற்றதன் காரணம் இதனோடு தொடர்புடையது. பேய்மகள் மருமகளாக வந்து அடுப்பில் காலை நீட்டி எரிப்பதும், இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டிப் பொருளெடுப்பதும் நாட்டார் கதைகளில் பரவலாகக் காணப்படும் கூறுகள். திரையில் அவற்றைக் கண்டவர் அஞ்சினர், சிரித்தனர். ஆனால் அக்காட்சி காட்டுவது என்ன? விறகில்லாத வீட்டில் ஒருத்தி தன் உடலையே எரித்துச் சோறாக்குகிறாள். சமையலறை உழைப்பைப் பற்றித் தமிழகம் திரையில் கண்ட படிமங்களுள் இதனினும் கொடியது அரிது. இயக்குநர் அதைக் கருதியிருக்க வேண்டியதில்லை. சபையில் சொல்ல இடம் மறுக்கப்பட்ட வழக்கு, அடுப்படியில் உடலின் வழியாக வெளிப்பட்டுவிட்டது என்றே கொள்ளலாம். லாசாலில் அத்தாய் அந்தக் காட்சியில் வாய்திறந்தது தற்செயல் அன்று.

5. மலிவின் நேர்மை

இத்தகைய படங்களின் உத்திகளைக் கேலி செய்வது எளிது. படக்கருவியை நிறுத்தி, ஆளை மாற்றி, மீண்டும் ஓடவிடுவது, ஒரே படச்சுருளில் இருமுறை பதிவுசெய்வது, சுருளைப் பின்னோக்கி ஓட்டுவது, கம்பியில் தொங்கவிடுவது. இவை மெலியேயின் காலத்திலிருந்து, அதாவது திரைப்படக்கலை தோன்றிய முதலிரு பத்தாண்டுகளிலிருந்து, வந்தவை. கரிக்கட்டை குழந்தையாகும் பழையனூர் மாயமும் நிறுத்தி-மாற்றித்-தொடங்கும் உத்தியே என்பது நோக்கற்பாலது. நீலியிடமும் பெருஞ்செலவுக் கருவிகள் இல்லை. சுடுகாட்டில் கிடைத்ததை எடுத்துக்கொண்டாள்.

மலிவான உத்தியில் ஒட்டு தெரிகிறது. ஒட்டு தெரிவதால் பார்வையாளர் ஒரே வேளையில் நம்பவும் நம்பாதிருக்கவும் செய்கிறார். அலறும் சிறுவரும் சிரிக்கும் பெரியவரும் ஒரே அறையில் அமர்ந்திருக்க முடிவது இதனாலேயே. பழையனூர்ச் சபைக்கு வாய்க்காத நிலை இது. அவர்கள் முழுதும் நம்பினர், பின்னர் எரிந்தனர். 2009இல் என்.கே. விசுவநாதன் இயக்க, நமீதா நடித்து, இளையராஜா இசையில் தமிழில் மீண்டும் எடுக்கப்பட்ட ‘ஜகன்மோகினி’ கணினிவழிக் காட்சிகளால் அந்த ஒட்டை மறைக்க முயன்றது. அச்சமும் சிரிப்பும் சேர்ந்தே குறைந்தன.

6. பின்கதை என்னும் சபை

சபை தமிழ்த் திகில்படத்திலிருந்து நிலையாக மறைந்துவிடவில்லை. அது வேறோர் உருவில் திரும்பிற்று. ‘பின்கதை’ என நாம் இன்று சொல்லும் பகுதி அதுவே. ராகவா லாரன்சின் ‘காஞ்சனா’ (2011) அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சரத்குமார் ஏற்ற காஞ்சனா என்னும் திருநங்கை, மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்துக்காகக் கொல்லப்பட்டவள். நாயகனின் உடலில் புகுந்த அவள், தன் கதையை முழுதும் சொல்லும்வரை படம் காத்திருக்கிறது. முற்பாதியில் அவளைக் கண்டு அஞ்சிச் சிரித்த பார்வையாளர், பிற்பாதியில் அவள் வழக்கின் நடுவராகின்றனர். நகைச்சுவையின் மிகையும் பழிவாங்கலின் கொடுமையும் அப்படத்தின் குறைகள். எனினும் பேயிடம் என்ன நடந்தது என்று கேட்கும் கடமையை அது நிறைவேற்றுகிறது.

மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) அதே வழக்கை மறுதலையாக்குகிறது. சாலை விபத்தில் இறந்த பவானியைக் கொன்றவன் யார் எனத் தேடும் இளைஞன், இறுதியில் தன்னையே கண்டடைகிறான். பவானியின் ஆவி குற்றம்சாட்டுவதில்லை. தன்னைக் கொன்றவனைக் காக்கிறது. இது பேரன்பின் கதையாகப் பாராட்டப்பட்டது. பாராட்டு தகும். ஆயினும் நீலியின் மரபிலிருந்து நோக்குபவர்க்கு ஓர் ஐயம் எஞ்சுகிறது. வழக்கைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்ளும் பேயைத்தான் நாம் நல்ல பேய் என்று ஏற்கிறோமா?

முடிவுரை

அத்தாயின் கூற்றுக்குத் திரும்புவோம். அவர் காத்திருந்த விசாரணையில் அவரது சொல்லும், சொல்லும் முறையும், அழுததும் அழாததும் நம்பகத்தன்மைக்கு அளவுகோலாகக் கூடியவை. தமிழில் ‘குடிவரவு அகதிகள் சபை’ என வழங்கும் கனடாவின் விசாரணை அமைப்பு 1989இல் தோன்றியது. பாலினம் சார்ந்த கொடுமைக்கு அஞ்சி வரும் பெண்களின் கோரிக்கைகள் பற்றி அது 1993இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி, வன்முறைக்கு ஆளான பெண் தன் துயரைச் சொல்வதில் உள்ள இடர்களை நடுவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும் என்றது. சபைக்குக் கேட்கக் கற்பிக்க வேண்டியிருக்கிறது என்பதற்கான ஒப்புதல் அது. தம் வாழ்வைச் சபையறிந்த படிவத்துக்குள் பெயர்த்து எழுதும் ஒவ்வொருவரும் இடுப்பில் ஏந்திச் செல்வது எது என்பதை நீலியின் கதை முன்பே கூறியிருக்கிறது.

ஆகவே, குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ஒரு பேய்ப்படத்தை மதிப்பிடுகையில், அது எவ்வளவு அச்சுறுத்தியது என்பதோடு, அதில் வரும் பேய்க்குப் பேச இடம் இருந்ததா என்பதையும் கேட்க வேண்டும். அவ்வளவுகோலின்படி ‘ஜகன்மோகினி’ தோற்ற படமே. சபையை நீக்கியது அதன் தோல்வி. ஆனால் நீக்கப்பட்ட வழக்கு அடுப்பில் எரிந்துகொண்டிருப்பதை அதே படம் தன்னை அறியாமல் காட்டியும்விட்டது. அதனாலேயே அது நினைவில் நிற்கிறது.

‘நீலிக்கண்ணீர்’ என்னும் தொடரை அகராதியிலிருந்து நீக்க வேண்டியதில்லை. பொய்க்கண்ணீர் என்னும் பொருளை அடுத்து ஒரு வரி சேர்த்தால் போதும்: அழுதவள் முன்னர்க் கொலையுண்டவள்.